பச்சைப் புள்ளி

பதினேழாம் ஸ்லைடின் பச்சைப் புள்ளி புற்றுக்குள் இருந்தது.

நோய்க்குறியியல் ஆசிரியை லிடியா தன் கையால் வைத்த புள்ளி அது. புற்றுநோய் முடிந்து நல்ல சதை தொடங்கும் எல்லையை மாணவர்கள் தடுமாறாமல் கண்டுபிடிக்க, கண்ணாடிமேல் மார்க்கரால் வைத்த பொட்டு. மதியம் இரண்டரை மணி. திரையில் படம் தெளிவதற்காகக் கறுப்புத் துணியால் மூடிய ஜன்னல்கள், ஸ்லைடு தயாரிக்கும் சைலால் திரவத்தின் நெடி, நாற்பது பேரின் வியர்வை, ப்ரொஜெக்டரின் ஓயாத முனகல். திரையில் ஊதா செல்கள் எறும்புச் சாரிபோல் புள்ளியைத் தாண்டிப் போயிருந்தன.

"மேடம், புள்ளி உள்ளாற இருக்குது," என்றாள் முன்வரிசை தேவிப்ரியா. "போன வாரம் சரியாத்தானே இருந்துச்சு? வளந்துக்கினு வருதா?"

வகுப்பு சிரித்தது. லிடியாவும் சிரித்தாள்.

"ஃபார்மலின்ல ஊறி, மெழுகுல ஏறி, கண்ணாடியில ஒட்டினதும்மா. செத்தது வளராது."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. வளராது என்றால், அன்றே அங்கே இருந்திருக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து வந்த அம்சவள்ளியின் மார்புச் சதை அது. மூன்று வருடத்துக்கு முன் 'வெட்டிய ஓரம் சுத்தம், புற்று இல்லை' என்று லிடியா கையெழுத்திட்டாள். அதை நம்பி, மறுபடி வெட்ட வேண்டாமென்று அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் அதே இடத்தில் புண் வெடித்துச் செத்தாள். யாரும் கேட்கவில்லை. மலையிறங்கி வந்து யார் கேட்பது? சுத்தமான ஓரத்துக்கு நல்ல உதாரணம் என்று லிடியாவே அந்த வருடம் அதைப் பாடப் பெட்டியில் சேர்த்திருந்தாள்.

வகுப்பு கலைந்த பிறகும் ஜன்னல் துணியை விலக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கேட்ட பழைய ரெக்கார்டு நோட்டை அட்டெண்டர் வியாகுலம் தூசி தட்டி வைத்தார்.

"பாஸாகிப் போன புள்ளைங்க நோட்டுல இன்னா மேடம் தேடுறீங்க? சோறு ஆறிப்போவுது."

"நீங்க போங்க. வரேன்."

அந்த வருடம் சரத்குமார் என்ற மாணவன் இதே ஸ்லைடைப் பார்த்து வரைந்த படம் அதில் இருக்க வேண்டும். நல்ல சதைக்கு ரோஸ் பென்சில், புற்றுக்கு ஊதா பென்சில். ஓரம் சுத்தமாக இருக்கட்டும், ஆண்டவரே. இருந்தால், செத்த சதைதான் வளர்கிறது. தப்பு என் கண்ணில் இல்லை. அந்தப் பயங்கரம் உண்மையாக இருக்க வேண்டும் என்றே அவள் கெஞ்சினாள்.

பக்கத்தைத் திருப்பினாள்.

ஓரத்தில் ஏழு ஊதாப் புள்ளிகள். அவற்றை அடித்து அவளுடைய சிவப்பு மை: 'இல்லாததை வரையாதே.' கீழே கையெழுத்து.

பையன் பார்த்திருக்கிறான்.

ப்ரொஜெக்டரை அணைத்து வெகுநேரம் ஆகியும் முனகல் நிற்கவில்லை. சைலால் நெடிக்கு அடியில் புண்ணின் வாடை. ஏழுதானா? எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். பதினொன்று. ஒன்று பென்சில் வட்டத்துக்கு வெளியே. வெறுந்தாளில். பிறகு மூன்று.

விரலால் மறித்தாள்.

எடுத்தபோது கையெழுத்தில் சிவப்பே இல்லை. அவள் பெயர் முழுக்க ஊதாப் புள்ளிகள். நெருக்கியடித்துக்கொண்டு. மெல்ல அசைந்துகொண்டு.

நகக்கண்ணின் ஓரத்தில் ஒன்று.

இரண்டு.