நான்காக மடித்த தாள்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, கண்புரையால் தையல் வேலையை விட்டிருந்த ஓர் அம்மையார் ஆவண ஆய்வாளரின் அறைக்கு வந்தார். அவர் விவாகரத்துப் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்னாள் கணவர் குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அம்மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்தார். அவருடைய சம்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜீவனாம்சம் அன்றோடு நின்றுவிடும். ஓய்வூதியத்தில் பங்கு கேட்டு அம்மையார் அளித்த மனுவை அலுவலகம் நிராகரித்துவிட்டது. பங்கு வேண்டாமென்று ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரே கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறதாம்.

"கையெழுத்து என்னுதுதாங்க. கடிதம் என்னுது இல்ல."

"போலிதான், அத்தான்! பார்த்தாலே தெரியுது," என்று துள்ளினார் ஆய்வாளரின் மைத்துனர்.

"அவங்களே தன்னுதுங்கறாங்க. நீ எதைப்பா பார்த்த?"

பிற்பகலில் மூவரும் குடிநீர் அலுவலகத்துக்குச் சென்றனர். கோப்பிலிருந்த மற்றக் காகிதங்களில் மடிப்பே இல்லை. அந்தக் கடிதம் மட்டும் நான்காக மடிக்கப்பட்டுப் பழுத்திருந்தது. ஆய்வாளர் அதை லென்ஸின் கீழ் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலைமை எழுத்தரை அழைத்தார்.

"அவ கையெழுத்துதானே? அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்றார் எழுத்தர்.

"மடிச்ச தாள் மேல எழுதினா, மை மடிப்புல ஊறிப் பரவும். மடிப்பைத் தாண்டிப் போற இந்தக் கையெழுத்து பரவல. மடிக்கறதுக்கு முன்னாடியே போட்டது. அச்சடிச்ச தாளை மடிச்சா, எழுத்துல விரிசல் விழும். இங்க விரிசலே இல்ல. மடிச்சு ரொம்ப நாள் கழிச்சு அச்சடிச்சது."

"அப்படின்னா, வெறும் தாள்லயா கையெழுத்து போட்டாங்க?" என்றார் மைத்துனர்.

ஆய்வாளர் அம்மையாரிடம் திரும்பினார். "யாருக்கும்மா போட்டுக் கொடுத்தீங்க?"

அம்மையார் எழுத்தரைக் காட்டினார். "பையனுக்கு ஆபரேஷன் அன்னிக்கு. நான் அவன் பக்கத்துல இருக்கணும்னு ரெண்டு தாள்ல போட்டு இவர்கிட்ட கொடுத்தேன். டாக்டர் என்ன கேட்டாலும் எழுதிக் கொடுங்கன்னேன். ஒண்ணுதான் தேவைப்பட்டுச்சு."

இரண்டாவது தாளுக்கு வேலையில்லாமல் போனது ஏனென்று யாரும் கேட்கவில்லை.

எழுத்தர் தம் பர்ஸை மேசைமேல் வைத்தார். தாளின் மடிப்பு அதன் அளவுக்குச் சரியாக இருந்தது. "பதிமூணு வருஷம் இதுலதான் இருந்துச்சு. அவனோட கடைசி நாள்ல மிச்சம் அது ஒண்ணுதான். தூக்கிப்போட மனசு வரல."

"அதுல இதை எழுத மட்டும் மனசு வந்துச்சா?" என்றார் அம்மையார்.

எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டார்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி குடும்ப நீதிமன்றம், எழுத்தரின் வாக்குமூலத்தை ஏற்றுக் கடிதத்தைத் தள்ளுபடி செய்தது. ஓய்வூதியத்தில் மூன்றிலொரு பங்கை ஏப்ரல் முதல் அலுவலகமே அம்மையாருக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தாளைத் தமக்குத் தரும்படி இருவரும் தனித்தனியே விண்ணப்பித்தனர். சான்றாவணம் ஆகையால், இரண்டு விண்ணப்பங்களும் மறுக்கப்பட்டன.