இரும்புக்கும் ஒரு படம்

"ஐயோ... இங்க பிடிச்சு இழுக்குதே! இந்த வீட்டுல யாராவது இருக்கீங்களா இல்லையா?"

ஆறு மணி கூட ஆகவில்லை. அதற்குள் அண்ணியின் குரல் வீட்டையே எழுப்பிவிட்டது.

அவருடைய தம்பி மனைவி அப்போது சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இடது கை தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துக் கிடந்தது. தாடையில் பல்வலி போல ஒரு இழுப்பு. பத்து எண்ணினால் போய்விடும் என்பது அவள் அனுபவம். இன்று இருபதைத் தாண்டியும் போகவில்லை.

"இதோ வந்துட்டேன் அண்ணி!"

அண்ணி என்றால் அவள் கணவரின் அக்கா. கணவரை இழந்து, ஆறு வருஷத்துக்கு முன் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வந்த மறுவருஷமே நெஞ்சுவலி வந்து, இதயத்து ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் அந்த வீட்டில் நெஞ்சு என்றால் அண்ணியின் நெஞ்சு மட்டும்தான். டிவி எவ்வளவு சத்தமாக ஓடலாம், சமையலில் எத்தனை உப்பு போடலாம் என்பதையெல்லாம் அந்த நெஞ்சைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

அவளுக்கு அண்ணி வைத்த பெயர் இரும்பு. சலவைக் கடையில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறாள், ஒரு நாள் லீவு கிடையாது. "நம்ம வீட்டு இரும்புக்கு ஜலதோஷம்கூட வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அண்ணி. பாராட்டு மாதிரியும் இருக்கும், 'உனக்கெல்லாம் என்ன கேடு' என்பது மாதிரியும் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது அண்ணி..."

"ஏன்டி, எனக்கு வலின்னா உனக்கும் உடனே வலிக்கணுமா? இதுலயுமா எனக்குப் போட்டி?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். கணவர் பக்கத்திலேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழுந்ததா என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது.

இந்த வாரம் அண்ணிக்கு மறுபடி வலி. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கம்பி விட்டுப் பார்க்கலாம் என்றதும் அண்ணி ஆஸ்பத்திரியையே இரண்டாக்கிவிட்டார். "தொடையில ஓட்டை போட்டுக் கம்பி விடுவாங்களாம்! நான் என்ன அடைச்சுக்கிட்ட சாக்கடையா?"

அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்தப் புது ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். கையில் சின்ன ஊசியாக ஒரு மருந்து. அது ரத்தம் உறைந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெஷினுக்குள் படுத்தால், அந்த இடம் மட்டும் படத்தில் பளிச்சென்று தெரியும். கத்தியும் இல்லை, கம்பியும் இல்லை. ஆராய்ச்சிக்காகச் செய்வதால் ஒப்பிட்டுப் பார்க்க இதயக் கோளாறு இல்லாத ஒருவரும் வேண்டும் என்றார். அண்ணி உடனே கையை நீட்டினார். "அதான் எங்க இரும்பு இருக்காளே! அவ முதல்ல உள்ள போகட்டும். முழுசா வெளிய வந்தா நான் போறேன். இல்லேன்னா கிடையாது!"

அன்று காலையே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களிடம் இரண்டு படிவங்களைக் கொடுத்தார்கள். படிவம் என்றால் அவள் கணவருக்குக் கை பரபரக்கும். லைசென்ஸ் ஆபீஸ் கவுன்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார். மனைவிக்காகப் புருஷன் எழுதி வந்தால், "சம்பந்தப்பட்டவங்க எங்கே?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

அக்காவின் படிவத்தை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கேட்டு முக்கால் மணி நேரம் நிரப்பினார். மனைவியுடையதை இரண்டே நிமிஷத்தில் முடித்தார். மணி மணியான கையெழுத்தில் பதினோரு 'இல்லை'. கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்றிருந்த பெரிய கட்டத்தில், ஆபீஸ் பழக்கப்படி, குறுக்கே ஒரு கோடு.

அவள் பேனாவை வாங்கினாள். மூன்றாவது கேள்வியில் கண் நின்றது. 'நெஞ்சில் அழுத்தம், கை மரத்துப்போதல் உண்டா?' இல்லை.

"என்ன யோசனை? கையெழுத்தைப் போடு, கூப்பிடறாங்க."

உண்மையைச் சொன்னால் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அவள் போகாவிட்டால் அண்ணி போக மாட்டார். போகாமல் அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எத்தனை ஏசினாலும், அவளுடைய பிரசவத்தில் மூன்று ராத்திரி கண் மூடாமல் பக்கத்தில் இருந்தவர் அவர். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கும் பெண் வந்து வளையல், தோடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். "உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்கா?"

"இவளே இரும்புதான்!" என்றார் கணவர். அண்ணி வலியையும் மறந்து சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மெஷினுக்குள் தடதடவென்று ஒரே சத்தம். ஆனால் அவளுக்குப் பயமாக இல்லை. பட்டப்பகலில் யாரும் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் படுத்து எத்தனை வருஷமாயிற்று! அதை நினைத்ததும் என்னவோ கண் நிறைந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

வெளியே வந்ததும் எழுந்திருக்கப் போனாள். அந்தப் பெண் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா... அப்படியே படுங்க. டாக்டர் வந்துட்டிருக்கார்."

ஸ்கேன் பார்க்கும் வேறொரு டாக்டர் நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தார். "ஸ்டென்ட் வெச்சவங்க இவங்கதானே? படத்துல ஸ்டென்ட்டையே காணோமே. ஆனா ரத்தக் கட்டி இருக்கு, பளிச்சுன்னு தெரியுது!"

கதவோரம் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்துவிட்டார். "ஆள் மாறிப்போச்சு டாக்டர்! இவளுக்கு ஒண்ணும் கிடையாது. இதைக்கூடவா சரிபார்க்க மாட்டீங்க?"

சரிபார்த்தார்கள். கையில் கட்டிய சீட்டு, படத்தின் எண், படிவத்தின் எண், எல்லாம் ஒன்றுதான். திரையில் கறுப்புக்கு நடுவே தீக்கங்கு போல ஒரு புள்ளி. அவளுடைய இதயம்.

டாக்டர் படிவத்தைப் புரட்டினார். "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்..."

"அவங்களைக் கேட்டு எழுதினீங்களா?"

இருபது வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"அவ சொன்னா டாக்டர்!" அண்ணியின் குரல் உடைந்தது. "மூணு மாசம் முன்னாடியே சொன்னா. நான் பாவி... போட்டிக்கு வரியான்னு கேட்டு அவ வாயை அடைச்சேன்! அடியே... எதுக்குடி கையெழுத்துப் போட்டே?"

"நான் போகலேன்னா நீங்க போக மாட்டேன்னீங்களே அண்ணி..."

அண்ணி அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதார். "இரும்புன்னு சொல்லிச் சொல்லியே உன்னைக் கொல்லப் பார்த்தேனே! உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாருடி இருக்கா?" ஆறு வருஷத்தில் அண்ணி அவளைத் தொட்டு அழுதது அதுதான் முதல் தடவை. மரத்த கையால் அவள் அண்ணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"குழாய் இன்னும் முழுசா அடைக்கலை" என்றார் டாக்டர். "இப்பவே அட்மிட் பண்ணி மருந்து ஆரம்பிச்சிடலாம். நல்ல நேரத்துல பார்த்துட்டோம், தைரியமா இருங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டிருக்க முடியாது."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மெஷின் அறைக்கு நடந்தார். சாயங்காலம் அவர் படமும் வந்தது. ஸ்டென்ட் சுத்தமாக இருந்தது. "எனக்கு வெறும் வாயுதானாம்" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

அட்மிஷனுக்கு ஒரு படிவம் வந்தது. கணவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெஞ்சில் அழுத்தம் உண்டா?" என்று படித்தார். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். எழுதவில்லை.

"உண்டுங்க."

"எப்போதிலிருந்து?"

"மூணு மாசமா..."

"கை மரத்துப்போகுமா?"

"போகும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கறதாலதான்னு நினைச்சுக்கிட்டேன்."

ஒவ்வொன்றையும் அவள் சொன்னபடியே எழுதினார். நடுவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்தது. கவுன்டரில் அப்படி ஒரு படிவம் வந்தால் தூக்கி எறிந்திருப்பார். இப்போது கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். கடைசிக் கட்டம் வந்தது. வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால். பேனா வழக்கம்போல் ஓரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

"வேற ஏதாவது... சொல்லணுமா?"

அவள் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்தாள்.

"நிறைய இருக்குங்க. அந்தக் கட்டம் போதாது."

அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"இங்க முழுசாக் காலியாத்தான் இருக்கு. நீ சொல்லு."