நடு ஸ்டம்பு

நாளைக்கு ஞானகுமாரி அத்தைக்குக் கல்யாணம். கேக் வெட்டும் கத்திக்கு இன்னும் பிடியே இல்லை.

காட்டுப்பாக்கத்தில் ஃபெபியின் அப்பா யூஜின் கத்தி செய்பவர். மரப்பிடியில் மெல்லிய கோடு கீறி, அதற்குள் வெள்ளிக் கம்பியைத் தட்டி இறக்கிப் பூவும் கொடியும் வரைவார். தங்கை கல்யாணத்துக்கு அப்படி ஒரு கத்தி தருவதாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று.

வெள்ளி, ஃபெபி கொடுத்தது. அத்தை தன் முதல் சம்பளத்தில் அவளுக்கு வாங்கிப்போட்ட கொலுசு. இப்போது காலில் ஏறாது. பூந்தமல்லி பத்தர் அதை உருக்கிக் கம்பியாக்கித் தந்தார்.

"கல்யாணத்துக்குத் தேக்கு போடாம வேற இன்னாத்த போடுறது?" என்று அப்பா தேக்கில்தான் ஆரம்பித்தார். கீறிய கோட்டின் ஓரம் பொருபொருவென்று உதிர்ந்தது. கம்பி நிற்காமல் எழும்பியது. பிடுங்கினால் துண்டு துண்டாக ஒடிந்தது. அடுத்து கருங்காலி. கடைசித் தட்டில் பிடியே பிளந்துவிட்டது.

இன்னும் ஒரு பிடிக்குத்தான் கம்பி இருந்தது.

"அவ்ளோதான் ஃபெபி. கடையில ஒரு பிளாஸ்டிக் கத்தி வாங்கிக்கலாம். உன் கொலுசையும் பாழாக்கிட்டேன்." அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அப்படி உட்கார்ந்து ஃபெபி பார்த்ததே இல்லை. உடைந்த தேக்குத் துண்டோடு தெருவுக்கு ஓடினாள்.

தெருவில் கிரிக்கெட். ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துத் தேக்கில் கோடு கிழித்தாள். கோடு மரத்தின் வரியில் மாட்டி, கோணலாக ஓடியது. மறுபடி கிழித்தாள். மறுபடி கோணல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டொக்! பந்து நடு ஸ்டம்பில் பட்டது.

"அவுட்!" என்று கத்தினான் ஃபிளாட்டிலிருந்து விளையாட வரும் அபிஷேக்.

ஃபெபி ஸ்டம்பைப் பார்த்தாள். இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்து, பந்தடி வாங்கிய கொய்யாக் கட்டை. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. ஊக்கால் கிழித்தாள். கோடு நேராகப் போனது. ஓரம் உதிரவில்லை. இன்னொன்று கிழித்தாள். அதுவும் நேர்.

ஸ்டம்பைப் பிடுங்கினாள்.

"ஏய், நடு ஸ்டம்பு இல்லாம எப்படி விளையாடுறது?"

"செங்கல் வச்சிக்கோ. எங்க பட்டாலும் நீ அவுட்டுன்னுதானே கத்துவ!"

வீட்டுக்கு ஓடி அதை நீட்டியதும் அப்பா மிரண்டு போனார். "ஸ்டம்பா? கல்யாணத்துல மானம் போயிடும்டி!"

"ஸ்டம்புன்னு யாருக்குப்பா தெரியும்? கம்பி உக்காந்தா போதும். கீறித்தான் பாரேன்."

கீறினார். ஓரம் உதிரவில்லை. அறுத்தார், இழைத்தார், கம்பியைத் தட்டி இறக்கினார். ஈரத்துணியால் துடைத்ததும் மரம் உப்பிக் கம்பியைக் கவ்விக்கொண்டது. ஃபெபி கட்டைவிரலால் தடவினாள். எங்கேயும் நெருடவில்லை. அப்பா மூக்கை உறிஞ்சியது கேட்டது.

மறுநாள் கேக் வெட்டியதும் அத்தை பிடியைப் பார்த்தாள். கொலுசில் இருந்த அதே பூவும் கொடியும். "ஃபெபி, இது நம்ம கொலுசாடி?"

ஃபெபி தலையாட்டினாள்.

போட்டோக்காரர் கத்தியைக் கீழே வைக்கச் சொன்னார். அத்தை வைக்கவே இல்லை.