எரியாத வெள்ளை

படத்தில், ஜன்னலுக்கு வெளியே யாரோ நின்றார்கள்.

ஸ்டுடியோக்காரர் கேமராவின் பின்திரையிலிருந்து கண்ணை எடுத்து நேரே பார்த்தார். நாற்காலியில் கல்யாண உடையில் அவருடைய சின்ன மகள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆள் உயர ஜன்னல். அதற்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சிமெண்டுத் தரையும் வெள்ளை மதிலும் உச்சி வெயிலும்தான். ஒரு காக்கைகூட இல்லை.

"என்னப்பா முழிக்கிறீங்க? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"வாயை மூடிட்டு உக்காரு. உதடு அசைஞ்சா படம் கெட்டுப்போகும்."

மூன்று தலைமுறையாக அந்த வீட்டு மணப்பெண்கள் அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்துதான் படம் எடுத்துக்கொண்டார்கள். முகத்துக்கு வெளிச்ச அளவு வைத்து எடுத்தால் பின்னால் ஜன்னல் வெளிச்சத்தில் எரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அந்த வெறும் வெள்ளையே அவர்கள் ஸ்டுடியோவின் முத்திரை. அதே மாதிரி படம் ஒன்று வேண்டும், மண்டப வாசலில் பெரிதாக வைக்கிறோம், ஒரு மணிக்குள் அனுப்புங்கள் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டிருந்தார். மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். அந்த வீட்டை நோக்கி யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்கும்படி அவர் வைத்ததும் இல்லை.

ஆனால் இன்று வெள்ளை எரியவில்லை. மதிலில் இருந்த வெடிப்புகூடப் படத்தில் முடி முடியாக விழுந்திருந்தது.

"கேமராவை நோண்டினியா?"

"ஹைலைட் பாதுகாப்பு போட்டு வெச்சேன்பா. வெள்ளை எரிஞ்சு போகாம கேமராவே அடக்கி எடுத்துக்கும். புதுசு வாங்கிட்டு இன்னும் தாத்தா காலத்துப் படமே எடுத்தா எப்படி? அக்கா பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா." சின்னவள் முகம் சட்டென்று வாடியது. "கல்யாணத்துக்குக்கூட வர முடியலையாம் மகாராணிக்கு. நாலு வரி மெயில். கல்நெஞ்சுக்காரி."

அந்த நாலு வரியை மாதாமாதம் தட்டுவது யார் என்று அவளுக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் பெரியவள் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து நின்றாள். அவர் கை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். பிடிவாதம் இறங்கட்டும் என்றார். கடும் கோடை. சின்னவள் அப்போது ஹாஸ்டலில். மூன்றாம் நாள் திறந்தபோது பிடிவாதம் பிடிக்க உள்ளே உயிர் மிச்சமில்லை. கொட்டகையைப் பிரித்தார். தரைக்குச் சிமெண்டு போட்டார். வருடம் தவறாமல் வெள்ளையடித்தார். பெரியவள் வெளிநாட்டில் படிக்கிறாள் என்றார்; ஊர் நம்பியது. குடும்பப் பெயரில் ஒரு பொட்டு விழவில்லை. நேராக நிமிர்ந்து நடக்க அவருக்கு அது போதுமாயிருந்தது.

அவர் மறுபடி எடுத்தார். திரையில் அந்த உருவம் மதிலடியிலிருந்து முற்றத்தின் நடுவுக்கு வந்திருந்தது. முதுகு காட்டி நின்றது. பாதி அவிழ்ந்த பின்னல். வெயில் கொதிக்கும் தரையில் வெறுங்கால். அதற்கு நிழல் இல்லை.

சூடான சுண்ணாம்பு வாடையோடு காய்ந்த தகரத்தின் வாடையும் அறைக்குள் வந்தது. எங்கோ, வெயிலில் தகரம் விரிவதுபோல, டிக், டிக் என்று ஒரு சத்தம். கொட்டகையில் இருந்த கடைசித் தகடும் எடைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது.

மூன்றாவது படம். அது திரும்பியிருந்தது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. தங்கையின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, முதுகு சுடுது."

அறை வாசற்படியில் நின்ற மனைவி அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஏங்க. அவளை அங்கேருந்து எழுப்பிடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன். இவளாவது நமக்கு..."

"படம் போகலேன்னா என்ன சொல்றது? எதுக்குன்னு சொல்றது? உள்ள போ."

அவள் போகவில்லை. அவர் அவளை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். நாற்காலியிலிருந்து மகளை எழுப்ப நாலு அடி நடந்தால் போதும். அவர் கேமராவின் மெனுவைத் திறந்தார். ஹைலைட் பாதுகாப்பு. அணை. வெளிச்ச அளவைக் கூட்டினார். எரியட்டும். எல்லாம் எரிந்து வெள்ளையாகட்டும்.

எடுத்தார்.

ஜன்னல் வெறும் வெள்ளை. கம்பி இல்லை, கை இல்லை. முற்றமே இல்லை. எரிந்துபோன இடங்களைக் காட்டி எச்சரிக்கும் கறுப்பு மட்டும் திரையில் விட்டுவிட்டுச் சிமிட்டியது. ஜன்னல் அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். வரும், போகும். அவர் மூச்சு விட்டார்.

"அப்பா, தண்ணி."

"கடைசிப் படம். அசையாதே."

எடுத்தார். சிமிட்டும் கறுப்பு ஜன்னல் சட்டத்தைத் தாண்டியிருந்தது. சின்னவளின் தோளில் இரண்டு திட்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.

"அப்பா... தண்ணி..."

குரல் தேய்ந்திருந்தது. கதவை மனைவி அறைந்தாள். அவர் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அது தெரியும். படத்தில் தெரியும். மண்டப வாசலில் தெரியும்.

இன்னொன்று. கழுத்து.

இன்னொன்று. முகம் முழுக்க. கறுப்பு. வெள்ளை. கறுப்பு.

கதவில் அறை நின்றது. டிக் டிக்கும் நின்றது.

அவர் கேமராவைத் தாழ்த்தினார்.

ஒரு படம் எடுக்கும் நேரத்தில் சின்னவள் மேல் மூன்று நாள் வெயில் கடந்துபோயிருந்தது. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, அதில் ஈரம் இல்லை. கன்னத்துத் தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. நாக்கு தடித்துப் பல்லுக்கு வெளியே வந்திருந்தது. நாற்காலிக் கையில் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்து கிடந்தது. அவளுடைய பத்து நகமும் அந்த மரத்தில் குத்தி நின்றன. விரல்கள் மடியில் இருந்தன.