வெந்துபோன சிப்

போர்டின் மேலிருந்த தகர மூடியை நெம்பி எடுத்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது ஈயம்தான். மெமரி சிப்பைச் சுற்றி, மணல் துகளைவிடச் சிறிய ஐந்து பொட்டுகள், யாரோ கம்பி பற்றவைத்த தடம். யாரும் திறக்காத போனில் அந்த இடங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில் அவை நேற்று வைத்தவைபோல் மின்னின.

அது தங்கையின் போன். வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் காணாமல் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. போன் கால்வாய்க் கரையில் கிடந்தது என்று நான்கு நாளைக்கு முன் கொண்டுவந்தவன் அவள் கணவன், தங்கைக்கு அத்தான். அவனும் போன் ரிப்பேர்காரன். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

மத்தியானம்கூட, தங்கையைத் தேடக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அத ஏன் இன்னும் வெச்சிக்கிட்டு உக்காந்திருக்க? தண்ணி ஏறி சிப்பே வெந்துபோச்சு."

"நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கவே வேணாம், நாத்தமே சொல்லுது. உன் கை பட்டா செத்த போன்கூட எந்திரிச்சு ஹலோ சொல்லும், ஊருக்கே தெரியும். இது சொல்லாதும்மா. போய்க் கொஞ்சம் படு. கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு."

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது.

ஐந்தாவது பொட்டில் ஒரு துண்டுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. உருக்கி எடுக்காமல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். "கடைசிக் கம்பின்னா மட்டும் உங்களுக்கு அப்படி என்ன சோம்பேறித்தனம்?" என்று ஆறு வருஷமாக அவள் யாரைத் திட்டுகிறாளோ, அவனுடைய கை அது. வேறு யாராவது இருக்கலாமே என்று மனம் சாக்குத் தேடியது. இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

பேட்டரி, திரை, கேமரா எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்தாள். தலைமுடியைவிட மெல்லிய ஐந்து கம்பிகளை அதே ஐந்து பொட்டுகளில் பற்றவைத்தாள். கருகிய பசையின் புகை மூக்கில் ஏறியது. போனுக்கு உயிர் வேண்டாம், சிப்புக்கு மட்டும் மின்சாரம் போனால் போதும், உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டர் படித்துவிடும்.

படித்தது. சிப் வேகவே இல்லை.

எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் அழித்தவை அப்போதே போய்விடுவதில்லை, மேலே வேறொன்று எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். இதையும் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அரைகுறையாகக் கேட்டிருக்கிறான்.

படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பேருந்து ஜன்னலோரம் தங்கை. கண்ணாடி முன் தலை பின்னும் தங்கை. அப்புறம் இருட்டில், சாய்வான கூரைக்கடியில், மடியில் தட்டோடு சிரிக்கும் தங்கை. தேதி, காணாமல் போன மறுநாள்.

உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடி அந்தத் தட்டைப் பார்த்தாள். விளிம்பு நசுங்கிய தட்டு. அவள் வீட்டுச் சமையலறைத் தட்டு.

அடுத்த படத்தில் சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு வட்ட வெளிச்சம். வெளிச்சத்தில் வகிடெடுத்த ஒரு தலை. அது யாருடைய தலை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுடையது. இதே மேசை, இதே நாற்காலி. மேலே பரணுக்கு அடித்திருக்கும் பலகைகளின் ஓட்டை வழியாக எடுத்த படம். அடுத்ததும் அதேதான். ஒன்றில் மேசைமேல் கவிழ்ந்து அழுகிறாள், அவள் முதுகைக் கணவனின் கை தடவிக்கொடுக்கிறது. பதினான்கு நாள், பதினான்கு படம்.

மழைச் சத்தத்துக்கு நடுவே தலைக்கு மேல் ஏதோ அசைந்தது.

"பாப்பா?" என்று தங்கையை மெல்லக் கூப்பிட்டாள்.

அசைவு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டவர்கள் நிற்பதுபோல் நின்றது.

கடைசியாக ஒரு படம் மிச்சமிருந்தது. அது வரிவரியாகத்தான் இறங்கியது. முதலில் மேசை. மேசைமேல் பிரித்துப் போட்ட போன். அதிலிருந்து ஐந்து கம்பிகள்.

தேதி, இன்று.

தட்டைப் பார்த்தாள். போனிலிருந்து கழற்றிய கேமரா, பேட்டரியோடும் திரையோடும் அங்கேயே கிடந்தது.

இன்னும் இறங்கியது. அவள் கைகள். வகிடு, அதன்மேல் ஏதோ நிழல். தோள், காலையில் மாற்றிய நீலத் துணி. நாற்காலி முதுகு.

நாற்காலிக்குப் பின்னால் ஈரத் தரை. இரண்டு வெறுங்கால்கள்.

திரும்பவில்லை. முடியவில்லை. நனைந்த துணியின் வாடை அறையில் எப்போதிருந்தோ இருந்தது.

கடைசி வரி வந்தது. கணவன் அவளைப் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, மேலிருந்து படம் எடுப்பவளைப் பார்த்துச் சிரித்தபடி, உதட்டின்மேல் விரல் வைத்திருந்தான். வகிட்டின்மேல் நிழலாகத் தெரிந்தது அவனுடைய இன்னொரு கை, நாற்காலியில் இருந்த அவள் உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே விரிந்து நின்றது.

வகிட்டில் குளிர்ந்த துளி ஒன்று விழுந்தது.