செங்கலுக்கு ஆறு முகம்

பீரோவும் கட்டிலும் ஏறிய பிறகு, லோடு ஆட்டோவில் ஓர் அட்டைப்பெட்டி வைக்கத்தான் இடம் மிச்சமிருந்தது.

“உங்க சாமான் எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். மூட முடியலைன்னா அந்தச் செங்கல் இங்கயேதான் கிடக்கும்,” என்றார் அம்மா நர்கீஸ். “நாம குடி போற செம்பட்டியில செங்கலே கிடைக்காதா?”

நிஹாலின் உதடு பிதுங்கியது. அவனுக்கு ஆறு வயது. பேகம்பூர் தெருவில் ஆடிய அத்தனை கிரிக்கெட்டுக்கும் அந்தச் செங்கல்தான் ஸ்டம்பு. நேற்று தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதன் ஒரு முகத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“அது இல்லாம நான் வரமாட்டேன் அக்கா!”

“அழாதடா. மூடிக் காட்டுறேன்,” என்றாள் இஃப்பத். அவள் ஐந்தாம் வகுப்பு.

சொல்லிவிட்டாளே தவிர, பெட்டி மூடவில்லை. தூக்குவாளியை நுழைத்தால் பந்து துருத்தியது. பந்தை அமுக்கினால் அது நழுவிப் போய்த் தொப்பியை நசுக்கியது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பினாள். வெறும் வீட்டில் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

தூக்குவாளி ஓர் உருளை. அதன் வளைந்த பக்கத்தில் ஒரு நசுங்கல். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி ஓடி வந்தபோது அவள் கீழே போட்டது. அன்று தெருவே சிரித்தது. பிறகு மூன்று வீட்டிலிருந்து கஞ்சியும் வந்தது.

பந்து கோளம். அதற்கு மூலையும் இல்லை, விளிம்பும் இல்லை. எங்கே வைத்தாலும் உருளும்.

“நிக்காதவனை உள்ள போட்டு மூடிரலாம்,” என்று பந்தைத் தூக்குவாளிக்குள் போட்டாள்.

செங்கலைப் பெட்டியின் மூலையில் வைத்தாள். ஒட்டி நின்றது. பக்கத்தில் நிஹாலின் கலர் கியூப்.

“ரெண்டுக்கும் ஆறு முகம், எட்டு மூலை. கியூப்ல ஆறும் ஒரே அளவு சதுரம். செங்கல்ல அப்படி இல்ல. அது கனச்செவ்வகம்.”

“அப்ப செங்கல், கியூபுக்கு அண்ணனா?”

“நெட்டையான அண்ணன்.”

பிறந்தநாள் தொப்பிகள் மூன்று. இந்த வீட்டில் வெட்டிய மூன்று கேக்கின் ஞாபகம். மூன்றும் கூம்பு என்பதால் ஒன்றுக்குள் ஒன்று போயின. தூக்குவாளி வட்டமாயிற்றே, பெட்டியின் மூலை வரை எட்டவில்லை. அந்த இடைவெளியில் தொப்பிகளைத் தலைகீழாகச் செருகி, உள்ளே கோலிக்குண்டுகளைக் கொட்டினாள்.

பெட்டி மூடியது.

ஆட்டோ ஓட்டும் முத்துச்சாமி அதைத் தூக்கிப் பார்த்து, “யாத்தே, இம்புட்டு கனமா! வீட்டைப் பிரிச்சு உள்ள வச்சிட்டீகளா?” என்றார்.

“கொஞ்சூண்டுதான் மாமா,” என்றான் நிஹால்.

ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை இருவரும் பின்னால் பார்த்துக்கொண்டே போனார்கள்.

செம்பட்டியில் கட்டிலை இறக்கும் முன்பே புது வாசலில் செங்கல் நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பையன் ரோஷன் வந்து குனிந்து பார்த்தான்.

“இதுல யார் பேரெல்லாம் எழுதியிருக்கு?”

“எங்க டீம்,” என்றான் நிஹால்.

“என் பேரை எழுத இடமிருக்கா?”

இஃப்பத் செங்கலைத் திருப்பினாள். இன்னும் ஐந்து முகங்கள் காலியாக இருந்தன.