பன்னிரண்டு பாட்டில்களுக்குக் காவல்

பதினான்கு வருடம் கழித்து அக்கா வீட்டு வாசலில் அவர் காலை வைத்தபோது பிற்பகல் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. பேய்க்குப் பயப்படுகிற நேரமே இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பொறுப்பாளர் அவர். கோப்பையை முகர்ந்தே எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லிவிடுவதால் அங்கே எல்லோருக்கும் அவர் மூக்கர். அந்தப் பெயர்போன மூக்குக்கு இந்த வீட்டில் முதலில் எட்டியது அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பின் பசை வாசனை. வீடு அநேகமாகக் காலியாகியிருந்தது. மறுநாள் காலை சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"வா மாப்பிள்ளை," என்றார் அத்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "கீழ இருக்குறது மட்டும்தான் மிச்சம். சாமான் ஏத்த வந்தவங்க நாலு பேரும் எடுத்தாங்க பாரு ஓட்டம். ஒருத்தன் பாட்டில்ல கை வச்சிருக்கான். யாரோ மணிக்கட்டுலயே பட்டுன்னு அடிச்சாங்களாம். சின்னக் கையாம்."

"அக்கா எங்க அத்தான்?"

"நெலவறைப் படியிலதான். மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல. பொண்ணு கீழ இருக்கா, அவ கெளம்பாம நான் கெளம்பமாட்டேன்னு ஒரே பிடிவாதம். நாளைக்கு அவள இழுத்துக்கிட்டா போக முடியும்? நீயே சொல்லு."

அத்தானுக்குத் தெரியாத ஒன்று மூக்கருக்குத் தெரியும்.

அக்கா மகள் சிட்டு பிறந்த வருடம் அவர்தான் அந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து கீழே அடுக்கினார். பிரான்ஸின் போர்டோ பக்கத்துச் சிவப்பு ஒயின். இளசில் குடித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். இருட்டில், குளிர்ச்சியில், ஆடாமல் அசையாமல் இருபது வருடம் படுத்துக் கிடந்தால்தான் பதமாகும். சிட்டுவுக்கு ஆறு வயதானபோது அவளைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். வாயாடிப் பெண், ஆயிரம் கேள்வி கேட்டாள். அவரும் சளைக்காமல் சொன்னார். திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைக்க வேண்டும், மண்டி அடியில் இறங்கும் என்பதுவரை சொன்னார். கடைசியில் விளையாட்டாக ஒரு வேலையும் கொடுத்தார்.

"இதுக்கெல்லாம் நீதான் காவல். மாமா வந்து தொறக்குறவரைக்கும் யாரையும் தொடவிடக் கூடாது. சரியா?"

"சரி மாமா," என்று தலையைத் தலையை ஆட்டினாள்.

அடுத்த மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த மூக்கர் நிலவறைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பினார். பிறகு வரவே இல்லை. துக்கம் ஒரு பக்கம், அவளிடம் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தை ஒரு பக்கம். கோழைத்தனம் என்று அவருக்கே தெரியும்.

அக்கா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீல உடுப்பு. வருடா வருடம் மகளின் பிறந்தநாளுக்கு ஓர் அளவு கூட்டி உடுப்பு வாங்குவது அவள் வழக்கம். இது இருபது வயதுக்கு.

"வந்துட்டியா தம்பி?" என்றாள் கிசுகிசுப்பாக. "கீழ நடக்குறா. கேக்குதா? எனக்குத்தான் கண்ணுல படமாட்டேங்குறா."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்தார். மிளகாய் படாமல், இளந்தீயில் ஆறு மணி நேரம் வெந்த ஆட்டுத்தொடைக் கறி. அந்த ஒயினுக்கு அதுதான் ஜோடி. "இத நீ வச்சிரு அக்கா. நான் போய்த் தொறக்குறேன். அப்புறம் அவ கெளம்பிடுவா."

மெழுகுவர்த்தியோடு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் குளிர் ஏறியது. ஈரச் சுவர் வாசனை, பழைய கார்க் வாசனை. அடுக்கில் பதினொரு பாட்டில்கள் படுத்திருந்தன.

ஒன்று மட்டும் மேஜைமேல் நிமிர்ந்து நின்றது.

"அக்கா, இத யாரு எடுத்து வச்சது?"

"யாரும் தொடலயே தம்பி."

பாட்டிலின் தூசியில் விரல் தடங்கள் இருந்தன. ஐந்தும் சின்னஞ்சிறியவை.

அவர் கார்க்கைத் திருகி எடுத்தார். பழைய ஒயினை மண்டி கலக்காமல் குடுவைக்கு மாற்ற வேண்டுமானால், பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் சுடரை வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நூல் பிடித்தாற்போல் ஊற்ற வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. முப்பது வருடப் பழக்கம், அவரும் எடுக்கவில்லை.

சுடர் ஆடியது.

அது காற்று நுழைய வழியில்லாத அறை.

சுடருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.

சிவந்த கண்ணாடிக்குள் மெல்ல ஒரு முகம் தெரிந்தது. மேஜை விளிம்புக்கு மேல் மூக்குவரைதான் எட்டியது. எக்கி எக்கிப் பார்த்தது. சிரித்தபோது முன்பல் ஒன்று இல்லை. ஒயினுக்கு இருபது வயதாகிவிட்டது. சிட்டு ஒரு நகக்கண் அளவுகூட வளரவில்லை. பதினான்கு வருடமும் இந்த இருட்டில், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, ஆறு வயதாகவே நின்றிருக்கிறாள்.

மூக்கர் பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"தம்பி, தெரியுறாளா?" மேலிருந்து அக்காவின் குரல்.

"தெரியுறாக்கா."

"எவ்ளோ வளந்திருக்கா?"

குடுவையில் ஒயின் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன் ஒசரம்க்கா. உன்னவிட ஒரு விரக்கட கூடவே இருப்பா."

"நீல உடுப்பு சரியா இருக்குமா?"

"தச்ச மாதிரி இருக்கும்."

அக்கா அழுதாள். சிறிது நேரத்தில் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது; மூன்று நாள் கழித்து அவள் சாப்பிட்டாள். மூக்கர் கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் குடித்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு ஒயினைக் குடித்ததில்லை.

அவர் தரையில் மண்டியிட்டார்.

"மாமா வந்துட்டேன் சிட்டு. தொறந்தாச்சு. நீ நல்லாப் பாத்துக்கிட்டே. மாமாதான் வராம இருந்துட்டேன், தப்பு என்மேலதான். இனி காவல் வேணாம் கண்ணு. நீ போலாம்."

பிறகு காதருகில், குளிர்ந்த மூச்சோடு:

"எங்க போறது மாமா?"

அவளை எங்கே போகச் சொல்வது என்று பதினான்கு வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. மெழுகுவர்த்தி அணைந்தது. ஐஸ் போன்ற ஐந்து விரல்கள் அவருடைய ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"போயிட்டாளா தம்பி?"

"போயிட்டாக்கா," என்றார் மூக்கர். "நீ அத்தானோட கெளம்பு."

பிறகு அவர் இருட்டில் ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு படியிலும், பின்னால் வருகிற குட்டிக் கால்கள் ஏறி முடிக்கும்வரை நின்று, நின்று.